ஐந்தாம் சீலமும் ஓர் இசைவாணரின் மறைவும்



பகவன் புத்தரின் திருவடிகளை வணங்கி, யாம் இன்று கூறப்புகுவது ஓர் இசைவாணரின் மரணத்தைப் பற்றியதாகும். அவர் நம் மொழியினரல்லர், நம் நாட்டினரல்லர், திரிசரணம் ஏற்றவருமல்லர். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாகாணத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரிலே பிறந்து, ராக் இசையிலே பெரும்புகழ் எய்தி, ஹெராயின் என்னும் போதைப்பொருளுக்கு ஆட்பட்டு, அதனின்று மீள முயன்றுகொண்டிருந்தபோதே 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தமது 53ஆவது வயதில் மறைந்த ஜெர்ரி கார்சியா என்பவரே அவர்.

அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் அவர் பிறந்த ஆகஸ்டு 1ஆம் நாள் தொடங்கி, மறைந்த 9ஆம் நாள் முடிய, ஒன்பது நாள்களை அவருடைய இசையன்பர்கள் ஆண்டுதோறும் நினைவு நாள்களாகக் கொண்டு வருகின்றனர். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் நம் நாட்டு ரிஷிகேசத்திலே கங்கையாற்றில் விடப்பட்டது. அவருடைய மனைவியாரும், அவரோடு உடன் வாசித்த தோழராகிய பாப் வியரும் அதனைக் கொண்டுவந்தனர். ஆகவே, அவர் வாழ்ந்த நாடு வேறாயினும், அவர் சாம்பல் நம் மண்ணோடு கலந்ததாகும்.

இவ்விசையைக் கேட்டுப் பழகிய நம் இளைஞர் சிலர், "இவருக்காக நாம் வருந்துவது தகுமா? தகுமாயின் எங்ஙனம் வருந்துவது?" என்று எம்மை வினவினர். அருகிருந்த பெரியவர் ஒருவர், "போதையிலே மாண்டவனுக்கு இரங்கல் எதற்கு?" என்று வெகுண்டார். இளைஞருள் ஒருவரோ, "போதை இல்லையேல் அந்த இசையே பிறந்திராது" என்றார். இவ்விரண்டும் நம் வீடுகளிலே நாள்தோறும் வழங்கும் சொற்களே. குடித்து மாண்டவனை ஒரு சாரார் இகழ்ந்து ஒதுக்குவதும், மற்றொரு சாரார் அவன் பெயராலேயே இன்னொரு குவளையை நிரப்புவதும் நாம் காணாதனவல்ல. இவ்விரண்டும் தம்மமாகா. இவற்றினிடையே நடுவழி ஒன்றுண்டு. அதனைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண், இசைவாணருக்காகப் பௌத்தர் வருந்தலாமோ என்னும் ஐயத்தை நீக்குவோம். உபோசத நாளில் எட்டுச் சீலம் பூண்டோர் ஆடல் பாடல்களினின்று விலகியிருத்தல் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பகவன் இசையை இகழ்ந்தவரல்லர். தீக நிகாயத்துச் சக்கபஞ்ஹ சூத்திரத்திலே, பஞ்சசிகன் என்னும் கந்தருவன் வில்வ மரத்தாற் செய்த வீணையை மீட்டி, பகவன் எழுந்தருளியிருந்த குகையின் அருகே நின்று பாடுகின்றான். அப்பாட்டு புத்தரையும் தம்மத்தையும் போற்றுவதோடு, தன் காதலியையும் புகழ்வது. பகவன் சினந்தாரில்லை. நரம்பின் ஓசையும் மிடற்றின் ஓசையும் ஒன்றையொன்று விஞ்சாமல் இயைந்தன என்று பாராட்டினார். நல்லிசையை நல்லிசை என்று சொல்லுதற்குப் பகவனே தயங்காதபோது நாம் தயங்குவானேன்?

இனி அவ்விசைவாணரின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். அவர் 1942ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் ஸ்பெயின் தேசத்தினின்று குடியேறிய இசைக்கலைஞர். பிள்ளைக்கு நான்கு வயதாயிருக்கையில், தமையனாருடன் விறகு பிளக்கும்போது கோடரி பட்டு, வலக்கை நடுவிரலின் பெரும்பகுதி துண்டாயிற்று. ஐந்து வயதில், மீன்பிடிக்கச் சென்ற தந்தையார் ஆற்றில் மூழ்கி இறந்தார். விரலையும் தந்தையையும் இழந்த அப்பிள்ளை 15ஆம் வயதிலே கித்தாரைக் கையிலெடுத்தார். அக்குறைபட்ட கையே பின்னாளில் உலகறிந்த கையாயிற்று.

1965ஆம் ஆண்டு அவரும் தோழர்களும் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். முதலில் வேறு பெயர் கொண்டிருந்த அக்குழுவுக்குப் புதுப்பெயர் தேடியபோது, கார்சியா ஓர் அகராதியைத் திறக்க, அங்கே கண்ட சொற்றொடரையே பெயராகக் கொண்டனர். 'கிரேட்புல் டெட்' என்பது அப்பெயர். 'நன்றியுள்ள இறந்தோர்' என்பது அதன் பொருள். பல நாடுகளில் வழங்கும் பழங்கதை வகையொன்றின் பெயர் அது. கதையாவது: வழிப்போக்கன் ஒருவன் ஓர் ஊரை அடைகின்றான். அங்கே ஒரு பிணம் அடக்கஞ் செய்யப்படாமற் கிடக்கின்றது. இறந்தவன் கடன்பட்டவன், ஆதலால் ஊரார் அடக்க விடவில்லை. வழிப்போக்கன் தன் கையிலுள்ள பொருள் முழுவதையும் கொடுத்து அக்கடனைத் தீர்த்து, அப்பிணத்தை முறைப்படி அடக்கிவிட்டு வெறுங்கையனாய்ச் செல்கின்றான். பின்னர் அவனுக்கு இடுக்கண் நேர்ந்தபோது, அறிமுகமில்லாத ஒருவன் துணைவந்து காக்கின்றான். அவன் வேறு யாருமல்லன். அடக்கஞ் செய்யப்பட்ட அந்த இறந்தவனே. இக்கதையை நினைவிற் கொள்ளுங்கள். இதற்கு மீண்டும் வருவோம்.

முப்பது ஆண்டுகளில் அக்குழுவினர் ஏறத்தாழ 2,300 இசையரங்குகள் நடத்தினர். அரங்குக்கு வருவோர் ஒலிப்பதிவுக் கருவி கொணர்ந்து இசையைப் பதிந்து செல்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984ஆம் ஆண்டு முதல் அதற்கெனத் தனியிடமே ஒதுக்கினர். அப்பதிவுகளை விற்றலாகாது, ஒருவருக்கொருவர் கைம்மாறாக வழங்கிக்கொள்ளலாம் என்பதே விதி. காசு கொடுத்தவனுக்கே இசை என்னும் வாணிப உலகில் இஃது ஒருவகைத் தானமேயாகும். அக்குழுவின் முழவிசைஞராகிய மிக்கி ஹார்ட், கியூடோ மடத்துத் திபெத்தியப் பிக்குகளின் ஓதலை ஒலிப்பதிவு செய்து மேலை நாட்டார் கேட்கச் செய்தவர். இவ்வாறு நம் தம்மத்தின் ஒலி செல்வதற்கும் அக்குழு ஒரு வாயிலாயிற்று.

அத்தகைய குழுவினுள்ளே போதையும் குடிபுகுந்தது. முதற் பலியானவர் பாடகராகிய ரான் மெக்கெர்னன். மதுவினாற் குடல் வெந்து, இரத்தம் ஒழுகி, 1973ஆம் ஆண்டு 27 வயதிலே மாண்டார். 1990ஆம் ஆண்டு இசைப்பலகை வாசித்த பிரென்ட் மிட்லண்டு போதைமருந்தினால் மாண்டார். கார்சியா 1970களின் பிற்பகுதியில் ஹெராயினுக்கு ஆட்பட்டார். 1985ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தோழர்கள் ஒன்றுகூடி அவரிடம் முகத்துக்கு நேரே பேசினர். சிகிச்சை பெறுவதாக ஒப்பினார். சில நாள்களுக்குள் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் தம் காருக்குள் போதைப்பொருளுடன் கைதானார். மறு ஆண்டு ஜூலையில் நீரிழிவினால் நினைவிழந்து பல நாள் கிடந்தார். விழித்தெழுந்தபோது கித்தார் வாசிக்கும் முறையே கைக்கு மறந்துபோயிருந்தது. மெர்ல் சாண்டர்ஸ் என்னும் இசைத்தோழர் நாள்தோறும் அருகிருந்து மீண்டும் பழக்கினார். ஆண்டு முடியுமுன் மேடையேறினார். ஆனால் சில ஆண்டுகளில் மீண்டும் போதை பற்றியது. 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சிகாகோவில் கடைசி அரங்கு. பின்னர் ஒரு சிகிச்சை நிலையத்திற் சேர்ந்து இரண்டு வாரத்தில் வெளிவந்தார். மீண்டும் மற்றொன்றிற் சேர்ந்தார். அங்கே ஆகஸ்டு 9ஆம் நாள் விடியுமுன், இருதயம் நின்று உயிர் நீத்தார். நான்கு நாள் கழித்து, முன்பு அவர் கைதான அதே பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி அழுதனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் மாண்டது போதைக் கூடத்திலன்று. மீள்வதற்காகச் சென்ற இடத்தில். கரையை நோக்கி நீந்தியவர் கரையருகே மூழ்கினார். அவரை 'விட்டொழிக்க மனமில்லாதவர்' என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

இனி நம் திரிபிடகத்தை நோக்குவோம். வினய பிடகத்திலே ஐம்பத்தொன்றாம் பாசித்தியத்தின் நிதானமாகச் சாகத தேரரின் வரலாறு கூறப்பட்டுள்ளது. அம்பதித்தம் என்னும் துறையில், சடாமுடித் துறவியரின் ஆசிரமத்தருகே கொடிய நாகமொன்று வாழ்ந்து மக்களை அச்சுறுத்தி வந்தது. சாகத தேரர் தனியே சென்று, தீத்தியான ஆற்றலால் அதனை அடக்கினார். அச்செய்தி கோசாம்பி நகரெங்கும் பரவிற்று. பகவனும் பிக்குகளும் அந்நகருக்கு எழுந்தருளியபோது, மக்கள் தேரரை எவ்வாறு சிறப்பிப்பது என்றறியாமல், பிக்குகளுக்குக் கிடைத்தற்கரிய பொருள் யாது என்று வினவினர். ஒழுக்கங் குன்றிய அறுவர் கூட்டத்துப் பிக்குகள், தெளிந்த மதுவே என்று விடை கூறினர். ஊரார் அதனை நம்பி, வீடுதோறும் மதுவை ஆயத்தஞ் செய்து வைத்தனர். மறுநாள் தேரர் பிச்சைக்குச் சென்றபோது, ஒவ்வொரு வாயிலிலும் பேரன்போடு நீட்டினர். ஒவ்வொரு வாயிலிலும் அவர் அருந்தினார். நகரை விட்டு வெளியேறுகையில், நகர வாயிலிலேயே விழுந்தார்.

பகவன் அவ்வழியே வந்தார். விழுந்தவரைக் கண்டார். பிக்குகளைக் கொண்டு தூக்குவித்து விகாரைக்குக் கொணர்ந்தார். பிக்குகள் அவர் தலையைப் பகவன் பக்கம் வைத்துப் படுக்கவைத்தனர். மயக்கத்திலே அவர் புரண்டு, கால்களைப் பகவன் பக்கம் நீட்டிக் கிடந்தார். நேற்றுவரை மரியாதை நிறைந்திருந்தவர் இப்போது அதனை அறியாமற் கிடப்பதையும், கொடிய நாகத்தை அடக்கியவர் இப்போது ஒரு நீர்ப்பாம்பையும் அடக்க இயலாமற் கிடப்பதையும் பகவன் பிக்குகளுக்கு எடுத்துக் காட்டினார். அதன் பின்னரே பிக்குகள் மது அருந்தலாகாது என்னும் விதியை வகுத்தார்.

இவ்வரலாற்றிலே நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, சாகதரை வீழ்த்தியவர் யார்? பகைவரல்லர், அன்பர். ஒவ்வொரு வீடும் ஒரு குவளையே ஈந்தது. எந்த வீட்டின் குவளை அவரை வீழ்த்தியது என்று கேட்டால், ஒரு வீடும் முன்வந்து விடை கூறாது. 'நாங்கள் ஒரு குவளைதானே கொடுத்தோம்' என்றே எல்லா வீட்டாரும் கூறுவர். அவர்கள் கூறுவது பொய்யுமன்று. ஆனால் தேரரோ விழுந்து கிடக்கின்றார்.

இரண்டாவது, விழுந்தவரைப் பகவன் நகர வாயிலிலே விட்டுச் செல்லவில்லை. முதலில் தூக்கினார், பிறகே உரைத்தார். நாமோ முதலில் உரைக்கின்றோம், தூக்குவதே இல்லை.

மூன்றாவது, கொலை முதலிய நான்கு பெருங்குற்றங்களைச் செய்த பிக்கு சங்கத்தினின்று நீக்கப்படுவான். மது அருந்துதல் அத்தகைய குற்றமன்று. சகபிக்குவின் முன் ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளும் குற்றமாகவே பகவன் அதனை வைத்தார். ஏன்? இக்குற்றத்திற்கு மருந்து சங்கத்துக்குள்ளேதான் இருக்கிறது. வெளியே தள்ளினால் மருந்தினின்றும் தள்ளியதாகும். சாகத தேரர் பின்னர் முயன்று அருகத பதவியை அடைந்தார். தீத்தியானத்தில் வல்லவருள் தலையானவர் என்று பகவனே அவரைச் சிறப்பித்தார். வாயிலில் விழுந்து கிடந்த அன்று, இவர் இந்நிலை எய்துவார் என்று கோசாம்பியில் யார் எண்ணியிருப்பர்?

கலிபோர்னியாவிலும் கோசாம்பி இருந்தது. கார்சியாவுக்கு வேண்டியதைக் கொண்டுவந்து நீட்டுவோர் எப்போதும் அருகிலிருந்தனர். அவர் மேடையேறினால்தான் பிழைப்பு நடக்கும் என்ற நிலையிற் பலர் இருந்தனர். அவர் வாசிப்பைக் கேளாமல் ஒரு கோடையைக் கழிக்க மாட்டாத அன்பர் பல்லாயிரவர். எவரும் அவரைக் கொல்ல எண்ணியவரல்லர். எல்லாரும் அவரை நேசித்தவரே. விரும்பியதைக் கொடுப்பது ஒருவகை அன்பு. நன்மையானதைக் கொடுப்பது மற்றொரு வகை அன்பு. பகவன் மைத்திரி என்றது பின்னதையே.

நம் தெருக்களிலும் கோசாம்பி இருக்கிறது. சம்பள நாளன்று, "இன்று ஒரு நாள் மட்டும்" என்று தோளிற் கைபோட்டு அழைத்துச் செல்பவன் பகைவனா? உற்ற தோழனே. மணவீட்டில் மாப்பிள்ளைத் தோழருக்கு மறைவிடத்திற் புட்டி வாங்கி வைப்பவர் யார்? பெண்ணைப் பெற்ற தந்தையே. இவற்றினும் கொடியது துக்கவீட்டு வழக்கம். குழி வெட்டுவோருக்கும், பறை முழக்குவோருக்கும், பாடை சுமப்போருக்கும் கூலியோடு சாராயமும் வாங்கிக்கொடுப்பது மரியாதை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். குடியினாலே ஈரல் கெட்டு மாண்டவனின் பிணம் நடுவீட்டிற் கிடக்க, அவன் தோழர்கள் கொல்லையில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் குடிப்பதை யாம் கண்டிருக்கின்றோம். அவன் மனைவி அழுகின்றாள். அவன் மகன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கொல்லையையும் கூடத்தையும் மாறிமாறிப் பார்க்கின்றான். அப்பிள்ளை அன்று என்ன கற்றுக்கொள்கின்றான் என்பதை நாம் சிந்தித்ததுண்டா?

நூலாலையிலே ரிங் பிரேம் முன்பு பல்லாண்டு நின்றவர் நாம். இழை அறுந்தால் அதனை எடுத்து இணைப்பது நம் தொழில். ஒரு கதிரில் ஓரிழை ஒருமுறை அறுந்தால் இணைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்வோம். ஒரே கதிரில் மீண்டும் மீண்டும் அறுந்தால், இழையைத் திட்டிப் பயனில்லை. அக்கதிர் ஆடுகிறதா, வளையத்தில் ஓடும் டிராவலர் தேய்ந்துவிட்டதா, மேலிருந்து வரும் ரோவிங் ஒருசீராக இருக்கிறதா, கூடத்தின் காற்று ஈரமின்றி உலர்ந்துவிட்டதா என்று பார்ப்போம். அறுந்த இடத்தில் மட்டும் காரணம் இராது. பகவன் அருளிய சார்பிற்றோற்றம் இதுவேயன்றோ?

மணிமேகலை ஆசிரியர் பன்னிரு நிதானங்களைத் தூய தமிழில் வகுத்துள்ளார். அவற்றிலே ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் நான்கும் போதையின் முழு வரலாறாகும். முதலில் பொருள் உடலைத் தீண்டுகிறது. அஃது ஊறு. இன்பம் தோன்றுகிறது. அது நுகர்வு. மீண்டும் வேண்டும் என்கிறது மனம். அது வேட்கை. அஃதின்றி நிற்க இயலாது என்னும் நிலை வருகிறது. அதுவே பற்று. இக்கால மருத்துவரும் இதனையே வேறு சொற்களாற் கூறுகின்றனர். ஹெராயின், அபினியிலுள்ள மார்பினை மாற்றிச் செய்யப்படுவது. மூளையிலே நோவைத் தணிக்கும் இயற்கைப் பொருள்கள் சென்று பொருந்தும் இடங்களை அது கைப்பற்றிக்கொள்கிறது. நாளடைவில் முன்கொண்ட அளவு போதாமற் போகிறது. கொள்ளாவிடில் வியர்வையும் வாந்தியும் உடல்நோவும் உறக்கமின்மையும் வாட்டுகின்றன. அந்நிலையிலுள்ளவன் இன்பத்துக்காகக் கொள்வதில்லை. துன்பத்தினின்று தப்பவே கொள்கின்றான். மதுவும் இத்தகையதே. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தினால், வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் இதனை வெறும் மனவலிமைக் குறைவு என்று ஏசுவது அறியாமை. பேதைமையே முதல் நிதானம் என்பதை மறவாதீர்கள்; அது குடிப்பவனிடம் மட்டும் இருப்பதன்று, ஏசுபவனிடமும் இருப்பது.

அவ்வாறாயின் ஐந்தாம் சீலத்தைத் தளர்த்துகின்றோமா? இல்லை. பொருளறிந்து உறுதிசெய்கின்றோம். பாளி மொழியிலே அச்சீலம், மதுவகைகள் 'பமாத'த்திற்கு இடமாவதால் அவற்றினின்று விலகுதல் என்று அமைந்துள்ளது. பமாதம் என்பதற்குத் தமிழிலே பொச்சாப்பு என்பது நேரான சொல். திருவள்ளுவரும் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமும், கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். தன்னை மறத்தலே பொச்சாப்பு. தன்னை மறந்தவன் ஏனைய நான்கு சீலங்களையும் எங்ஙனம் காப்பான்? 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியிலே பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் மதுவை விலக்குவதும் ஒன்றாயிருப்பது இதனாலேயே. எழ விரும்பும் மக்கள் தம்மை மறத்தலாகாது.

போதை இல்லையேல் இசையில்லை என்ற இளைஞருக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. நினைவிழந்து எழுந்த கார்சியாவுக்குக் கித்தாரை மீட்டுத் தந்தது எது? ஹெராயின் அன்று. தோழரொருவரின் பொறுமையும், தம்முடைய நாள்தோறும் பயிற்சியுமேயாம். அவ்வாறு மீண்டெழுந்த மறு ஆண்டாகிய 1987இலேதான் அக்குழுவின் பாட்டு முதன்முறையாக அந்நாட்டுப் பாடல்வரிசையின் முதற் பத்தினுள் இடம்பெற்றது. போதை அவருக்கு இசையைத் தந்ததன்று. இசையை அவர் கையினின்று பறித்தது.

இனி, செய்யத்தக்கது யாது? இதற்கும் கார்சியாவின் அன்பர்களிடமே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1980களிலே, குடியையும் போதையையும் விட்டொழித்த இசையன்பர் சிலர், அவ்வரங்குகளுக்குச் செல்ல விரும்பினர். அங்கோ எங்கு நோக்கினும் மதுவும் புகையும். போகாதிருந்தால் இசையை இழக்க வேண்டும். போனால் தம்மை இழக்க நேரும். அவர்கள் ஓர் உபாயம் கண்டனர். அரங்கின் ஓரிடத்தில் மஞ்சள்நிறப் பலூன்களைக் கட்டினர். இடைவேளையில் அங்கே கூடினர். யார் வேண்டுமானாலும் வரலாம். வந்து, இன்று குடியாதிருக்கின்றேன் என்று சொல்லலாம். அதே எண்ணமுடைய பிறரோடு நிற்கலாம். அக்குழுவின் பாடலொன்றில் வரும் குடிகாரனை நினைந்து, 'வார்ப் ராட்ஸ்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர்; துறைமுகத்து எலிகள் என்பது பொருள். கார்சியா மறைந்த பின்னும் அம்மஞ்சள் பலூன்கள் அரங்குகளிலே ஏறின.

இதனை நாம் சங்கம் என்போம். அவர்கள் அச்சொல்லை அறிந்திருக்க வேண்டியதில்லை. நல்லோர் நட்பு அறவாழ்வின் பாதி என்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுமையும் அதுவே என்று பகவன் திருத்தினார். சிகாலனுக்கு உபதேசிக்கையில், குடியினால் வரும் ஆறு கேடுகளையும் எடுத்துரைத்தார்: பொருளிழப்பு, சச்சரவு, நோய், பழி, நாணமின்மை, அறிவுக்குறைவு என்பன அவை. அத்துடன் நிறுத்தினாரில்லை. நண்பன் யார் என்பதையும் கூறினார். தன்னை மறந்து கிடக்கும்போது காப்பவன், அவன் பொருளையும் காப்பவன், அஞ்சியபோது புகலிடமாவான் எவனோ அவனே உதவும் நண்பன் என்றார். மறந்து கிடப்பவனைக் கண்டு சிரிப்பவனையோ, அவனைப் படம்பிடித்துப் பலருக்கும் காட்டுபவனையோ பகவன் நண்பர் வரிசையிற் சேர்க்கவில்லை.

இறந்தவர்க்கு நாம் செய்யும் கடன் யாது? நீத்தார் சுவர்ப்புறத்தும் வாயிலிலும் வந்து நிற்பர் என்றும், அழுகையும் ஒப்பாரியும் அவர்க்குப் பயன்படா, அவர் பெயராற் செய்யும் தானமே பயன்படும் என்றும் திரோகுட்ட சூத்திரம் போதிக்கின்றது. ஆற்றுநீரும் அவர் வினையைக் கழுவுவதில்லை. நீர் கழுவுமாயின் தவளையும் ஆமையும் முதலில் நற்கதி அடைய வேண்டும் என்று புண்ணிகை என்னும் தேரி ஓர் அந்தணருக்கு அன்றே விளக்கினார். கங்கையிலே சாம்பலைக் கரைத்தவரின் அன்பை யாம் மதிக்கின்றோம். ஆனால் கங்கை செய்ய மாட்டாததை நாம் செய்யலாம்.

அக்குழுவிலிருந்தே இதற்கும் ஒரு சான்று தருவோம். கார்சியாவோடு முப்பது ஆண்டு வாசித்த பில் லெஷ் என்பவர் 1998ஆம் ஆண்டு ஈரல் கெட்டு மரண வாயிலில் நின்றார். முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் இறந்து, அவருடைய ஈரல் இவருக்குப் பொருத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மறையும்வரை அவர் மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தார். தம் அரங்குகளிலே அந்த இளைஞரின் பெயரைச் சொல்லி நன்றி கூறி, கேட்போரும் தம் உறுப்புகளைத் தானம் செய்ய விரும்புவதை வீட்டாரிடம் சொல்லிவைக்குமாறு வேண்டிவந்தார். இறந்தவன் வாழ்பவனைக் காத்தான். வாழ்ந்தவன் இறந்தவனுக்கு நன்றி செலுத்தினான். அகராதியிற் கண்ட பழங்கதை அக்குழுவினர் வாழ்விலேயே உண்மையாயிற்று.

அக்கதையில் வழிப்போக்கன் என்ன செய்தான்? இறந்தவனைக் கடன்காரன் என்று ஏசவில்லை. இறந்தவன் பெயரால் மேலும் கடன் வாங்கவுமில்லை. கடனைத் தீர்த்தான். குடியினாலும் போதையினாலும் மாண்டவர் விட்டுச்செல்லும் கடன், அவர் நடந்த அதே வழியில் இன்று நடந்துகொண்டிருக்கும் மற்றொருவன். அவனைத் தாங்குவதே கடனைத் தீர்ப்பது. மணிமேகலையிலே சாதுவன் சூதிலும் கணிகையரிடத்தும் பொருளையெல்லாம் இழந்து, கலமும் உடைந்து, நாகர் மலையில் ஒதுங்கினான். நாகர் தலைவன் அன்போடு கள்ளைக் கொடுத்தபோது மறுத்து, அவனுக்கே அறம் உரைத்தான். மீண்டு வந்தபோது, மனைவி ஆதிரை கதவடைக்கவில்லை. வீழ்ந்தவன் எழுவான், எழுந்தவன் பிறரை எழுப்புவான். கதவு திறந்திருக்க வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு யாம் வேண்டுவன மூன்று. துக்கவீட்டிலே சாராயத்துக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதிபூணுக. உழைத்தோருக்குக் கூலியைக் கூட்டிக் கொடுங்கள், நல்ல சோறிடுங்கள். இரண்டாவதாக, குடியை விட முயல்பவன் எவனாயினும், அவன் நேற்று விழுந்திருப்பினும், சம்பள நாளன்று மாலையில் அவனோடு வீடுவரை நடக்க ஒருவர் முன்வருக. விகாரைக்கு அவன் வந்தால் முன்வரிசையில் இடங்கொடுங்கள். மூன்றாவதாக, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வெட்கப்படாதீர்கள். போதை மீட்புக்கென இந்திய அரசு 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அமைத்துள்ளது. அதனை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.

எம்மை வினவிய இளைஞர்களே! கார்சியாவுக்காக வருந்துங்கள், அது தகும். அவர் இசையைக் கேளுங்கள். கேட்கும்போது குவளையை ஏந்தாதீர்கள். உங்களுள் ஒருவன், "இன்று எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், ஏன் என்று கேளாமல் அவன் பக்கம் சென்று நில்லுங்கள். அவனருகே நிற்கும் ஒருவரே அன்று அவனுக்குச் சங்கம். அப்புண்ணியத்தை ஜெர்ரி கார்சியாவுக்கும், ரான் மெக்கெர்னனுக்கும், பிரென்ட் மிட்லண்டுக்கும், நம் தெருவிலே பெயர் சொல்லாமல் நாம் அடக்கஞ் செய்த ஒவ்வொருவருக்கும் பகிர்ந்தளிப்போம்.

விழுந்தோர் எழுக! எழுந்தோர் தாங்குக! உயிர்களெல்லாம் துக்கம் நீங்கி நலம் பெறுக!

சாது! சாது! சாது!